180 மீட்டர் தெரு: மழைநீர் தேங்குகிறது, வெயில் தகிக்கிறது. மழைத்தோட்டமும் மரங்களும் எந்த அளவில்?

தெருப்பசுமை (கேள்வி)

வணக்கம். எங்கள் தெருவுக்கு ஒரு பசுமைத் திட்டம் வரைந்திருக்கிறோம். தோண்ட ஆரம்பிக்கும் முன் அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தெருவின் நீளம் 180 மீ. வண்டிப்பாதை 9 மீ., இரு பக்கமும் 2 மீ. நடைபாதை. கிழக்கு மேற்காகப் போகிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள ஊர். இரு பக்கமும் சுமார் 10 மீ. உயரக் கட்டடங்கள், மனை எல்லையிலிருந்து 1.5 மீ. உள்ளே தள்ளி நிற்கின்றன. கிழக்கு நோக்கி 100-க்கு 1 வாட்டம். சாலை நடுவில் உயர்ந்து இரு ஓரமும் சரிகிறது. மணிக்கு 40 மி.மீ. மழை பெய்தால் கீழ்க்கோடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். 1,200 சதுர மீட்டர் மொட்டைமாடி நீரும் குழாய் வழியாகத் தெருவில்தான் விழுகிறது. மேல் 60 செ.மீ. கட்டட இடிபாடு கலந்த நிரப்புமண், அதற்குக் கீழே களி. தெற்கு நடைபாதைக்கு அடியில் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள். வடக்கில் கட்டட ஓரமாகக் கேபிள்கள் மட்டும்.

திட்டத்தில் இருப்பவை: இரு பக்கமும் 6 மீட்டருக்கு ஒன்றாக 60 மரக்கன்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 மீ. நீள, அகல, ஆழக் குழி. சாலையோரத்தை 1.5 மீ. உள்வாங்கி 4 மீ. நீளத்தில் 10 மழைத்தோட்டப் பாத்திகள், அதாவது தெருநீரை உள்வாங்கி மண்ணில் இறக்கும் தாழ்ந்த செடிப்பாத்திகள் (எதிரெதிரே வராமல் மாற்றி மாற்றி, சாலை குறுகுவதற்கு ஒப்புதல் வாங்கிவிட்டோம்). கீழ்க்கோடியில் உள்ள 10 × 10 மீ. காலி இடத்தில் மியாவாக்கி முறையில், அதாவது நெருக்கி நட்டு அடர்காடாக வளர்க்க, 300 கன்றுகள்.

இது தேக்கத்தைத் தீர்க்குமா? களியில் மழைத்தோட்டம் வேலை செய்யுமா? கொசு வரும் என்று சிலர் எதிர்க்கிறார்கள், அதற்கு என்ன பதில்? தெரு உண்மையில் குளிருமா?

வாட்டம் (பதில்)

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். தார், கான்கிரீட் பரப்பில் விழுவதில் ஏறக்குறைய 90 சதவீதம் ஓடிவிடும். தெரு 180 × 13 = 2,340 ச.மீ., மாடிகள் 1,200 ச.மீ., மொத்தம் 3,540. மழை 40 மி.மீ. பெய்தால் ஓடிவருவது சுமார் 127 கன மீட்டர்.

உங்கள் 10 பாத்திகளின் பரப்பு 60 ச.மீ. மேலே 20 செ.மீ. தேங்க இடம், அடுத்து 60 செ.மீ. வடிமண் (நீர் வேகமாக இறங்கும் மணல் கலவை), 10 செ.மீ. பருமணல், அடியில் 30 செ.மீ. ஜல்லி என்று வைத்துக்கொள்வோம். வடிமண்ணில் நீர் நுழையக்கூடிய இடைவெளி சுமார் 20 சதவீதம், ஜல்லியில் 35. மணல் அடுக்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் ஒரு சதுர மீட்டர் பாத்தி 20 + 12 + 10.5 = 42.5 செ.மீ. நீரைப் பிடிக்கும். 60 ச.மீட்டருக்கு 25.5 கன மீட்டர். அதாவது முதல் 8 மி.மீ. மழையோடு பாத்திகள் நிரம்பிவிடும். அது வீணில்லை. சாலையின் எண்ணெய், டயர்த்தூள், குப்பை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருவது இந்த முதல் நீர்தான். ஆனால் கீழ்க்கோடித் தேக்கம் தீராது.

அதைப் பெருமளவு குறைக்க இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஒன்று, மாடி நீரைத் தெருவுக்கு விடாமல் மனைக்குள்ளேயே தொட்டியிலோ உறிஞ்சு குழியிலோ நிறுத்துங்கள். மொத்தத் திட்டத்தில் இதுதான் குறைந்த உழைப்பில் நிறைந்த பலன் தரும் வேலை. இரண்டு, பாத்திகளை 20 ஆக்குங்கள், பக்கத்துக்குப் பத்து. இப்போது 2,340 ச.மீட்டருக்கு 51 கன மீட்டர் கொள்ளளவு. சுமார் 24 மி.மீ. மழை வரை பாத்திகளிலேயே அடங்கும். பாத்திப் பரப்பு வடியும் பரப்பில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. மழைத்தோட்டங்களுக்கு வழக்கமாகச் சொல்லும் 5 முதல் 10 சதவீத வரம்புக்குள் இது அடங்கும்.

களி விஷயம். பாத்தியின் அடிமட்டம் வரும் ஆழத்துக்கு, அதாவது சுமார் 1.2 மீ., 30 செ.மீ. அகலத்தில் குழி எடுங்கள். இரண்டு முறை நீர் நிரப்பி முழுக்க இறங்க விடுங்கள். மூன்றாம் முறை நிரப்பி, மணிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். முதல் நிரப்பலை நம்பக்கூடாது, காய்ந்த களியின் வெடிப்புகளில் நீர் ஓடி மறைந்துவிடும். மணிக்கு 13 மி.மீட்டருக்குக் குறைந்தால் அடிவடிகால் குழாய் கட்டாயம். களியில் மணிக்கு 2 மி.மீ. என்று வந்தால், நிரம்பிய பாத்தி தானாக வற்ற எட்டு நாளுக்கு மேல் ஆகும். செடி அழுகும், அடுத்த மழைக்கு இடமும் இருக்காது.

எனவே 100 மி.மீ. துளையிட்ட குழாயை ஜல்லியில் பதித்து, அதன் வெளிமுனையை வளைவு போட்டு ஜல்லி அடுக்கின் மேல்மட்டம் வரை உயர்த்துங்கள். மேலே உள்ள நீர் சில மணி நேரத்தில் குழாய் வழியாகத் தெரு வடிகாலுக்குப் போய்விடும். கீழ் 30 செ.மீ. ஜல்லியில் நிற்பது மெல்லக் களியில் இறங்கும். மணிக்கு 2 மி.மீ. என்றாலும் இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான். வறண்ட வாரங்களில் வேர்களுக்கும் அது கைகொடுக்கும்.

அடுக்குகளுக்கு நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரிக்க வேண்டாம். நுண்துகள் துணியில் படிந்து அடைத்துக்கொண்டால் முழுப் பாத்தியையும் தோண்டித்தான் சரிசெய்ய முடியும். 10 செ.மீ. பருமணல், அதற்குக் கீழே மெல்லிய அடுக்காக 2 முதல் 6 மி.மீ. பொடிஜல்லி, பிறகு 20 மி.மீ. ஜல்லி என்று படிப்படியாகப் பருமனைக் கூட்டினாலே மண் கீழே இறங்காது. சாலைப் பக்கச் சுவருக்கு மட்டும் நீர்புகாத் தகட்டைச் செங்குத்தாக இறக்குங்கள். சாலையின் அடித்தளக் களி ஊறினால் ஓரம் உள்வாங்கும். கட்டட அடித்தளத்துக்கும் பாத்திக்கும் குறைந்தது 3 மீ. வேண்டும். உங்களுக்கு நடைபாதை 2 மீ., உள்தள்ளல் 1.5 மீ. இருப்பதால் சரியாக வருகிறது.

பாத்திகளிலேயே மரங்களையும் நட்டுவிட்டால் தனிக் குழிகள் தேவைப்படாது என்பதையும் யோசியுங்கள்.

வேர்த்தடம்

வாட்டம் சொன்ன கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. வடிமண் பெரும்பாலும் மணல். வேகமாக வடிவதற்காகவே செய்தது. 60 செ.மீ. ஆழ மணலில் பெரிய மரம் கோடையில் தாகத்தால் வாடும், பெருங்காற்றில் பிடிமானமும் போதாது. துளையிட்ட குழாயைத் தேடி வேர் உள்ளே போகும். பாத்தியில் மரம் வேண்டுமானால் வடிமண் ஆழம் 80 செ.மீட்டருக்குக் குறையக்கூடாது, சிறிய மர வகையாக இருக்க வேண்டும், மரத்தை ஒட்டிய நீளத்துக்குத் துளையில்லாக் குழாய் போட வேண்டும். நிழல் தரும் பெரிய மரத்துக்குத் தனி மண்கண்டம்தான் வழி.

ஒரு கன மீட்டர் குழி பற்றி. கிளைக்குடையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வேர் ஓடக்கூடிய நல்ல மண் 0.3 முதல் 0.6 கன மீட்டர் தேவை. அப்படிப் பார்த்தால் 1 கன மீட்டர் குழி இரண்டு, மூன்று சதுர மீட்டர் குடையைத்தான் தாங்கும். கன்று ஐந்தாறு ஆண்டு தளதளவென்று வளரும். வேர் குழியின் சுவரை எட்டியதும் நின்றுபோகும், அல்லது நடைபாதைக்கும் அதன் அடித்தளத்துக்கும் நடுவே ஈரம் தேடிப் புகுந்து கற்களைத் தூக்கும். வேர் நடைபாதையை உடைக்கிறது என்று மரத்தைக் குறை சொல்கிறோம். அடியில் வேறெங்கும் காற்றும் நீரும் கிடைக்காததால்தான் அது மேலே வருகிறது.

60 குழிகள் × 3 ச.மீ. = 180 ச.மீ. நிழல், தெருப் பரப்பில் 8 சதவீதம். இதற்குப் பதில் வடக்குப் பக்கம் மட்டும் 15 மீட்டருக்கு ஒன்றாக 12 மரங்கள் வையுங்கள். ஒவ்வொன்றும் 8 மீ. குடை விரித்தால் தலைக்கு 50 ச.மீ., மொத்தம் 600 ச.மீ., தெருவில் 26 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு மரங்கள், மூன்று மடங்குக்கு மேல் நிழல். தண்டு, சாலையை உள்வாங்கிய அந்த 1.5 மீ. பட்டையில், பாத்திகளுக்கு இடையே வரட்டும். அப்போது கட்டடச் சுவருக்கு 4 மீட்டருக்கு மேல் இடைவெளி கிடைக்கும், கிளையை ஆண்டுதோறும் வெட்டிச் சிதைக்க வேண்டியிருக்காது.

8 மீ. குடைக்கு நல்ல மண் குறைந்தது 15 கன மீட்டர். நடைபாதைக்கு அடியில் மண்ணை இறுக்காமல் விட முடியாது, இறுக்கினால் வேர் நுழையாது. களியின் அடர்த்தி கன செ.மீட்டருக்கு 1.4 கிராமைத் தாண்டினாலே வேர் திணறும். இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் கல்மண் அடுக்கு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் உருவாக்கிய கலவையில் எடையில் 80 சதவீதம் 20 முதல் 40 மி.மீ. உடைகல், 20 சதவீதம் களிசேர் வண்டல் மண், கல்லில் மண் ஒட்ட நீருறிஞ்சிக் கூழ்மம் கொஞ்சம். கல்லோடு கல் முட்டிப் பாரத்தைச் சுமக்கும்; இடைவெளியில் இறுகாத மண்ணும் காற்றும் இருக்கும். ஸ்டாக்ஹோமில் வளர்ந்த முறை வேறு: 100 முதல் 150 மி.மீ. கற்களை 25, 30 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இறுக்கி, பிறகு மண்ணை நீரால் கழுவி இடைவெளிக்குள் இறக்குவார்கள். மேலே காற்றோட்டத்துக்குச் சிறுகல் அடுக்கு, அதில் திறக்கும் காற்றுக்கிணறுகள். மழைநீரும் அந்தக் கிணறுகள் வழியே உள்ளே போகும். பின்னாளில் மண்ணோடு உயிர்க்கரியும் (தாவரக் கழிவைக் கரியாக்கியது) சேர்த்தார்கள்.

உங்கள் தெருவுக்கு இரண்டாவது முறை பொருந்தும், கல்லும் மண்ணும் நீர்க்குழாயும் போதும். மண்ணின் பங்கு குறைவு என்பதால் சாதாரண மண்ணைவிட ஒன்றரை மடங்காவது கன அளவு கொடுங்கள். 1.5 மீ. அகலம், 1 மீ. ஆழத்தில் தெரு நீளத்துக்கும் ஒரே தொடர் அகழி எடுத்தால் மரத்துக்கு 22.5 கன மீட்டர் கிடைக்கும். கேபிள்கள் கட்டட ஓரத்தில் இருப்பதால் இடம் இருக்கிறது. தனித்தனிக் குழியைவிடத் தொடர் அகழி மேல். ஒரு மரம் தளர்ந்தால் பக்கத்து மரம் அந்த மண்ணைப் பயன்படுத்திக்கொள்ளும். தோண்டிய இடிபாட்டு மண்ணைத் திரும்பப் போடாதீர்கள். காரையும் சிமென்ட்டும் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும், இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்து கிடைக்காத அறிகுறி. உரம் போட்டாலும் நிலைக்காது. அதே காரணத்துக்காக உடைகல்லிலும் சுண்ணாம்புக்கல்லைத் தவிருங்கள்.

தெற்குப் பக்கம் பெரிய மரம் வேண்டாம், குழாய்கள் மேல் சண்டை வரும். பாத்திகளில் புதரும் கோரையும் போதும்.

இனக் கலப்பு: ஒரு சிற்றினம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரு பேரினம் 20, ஒரு குடும்பம் 30 என்பது 1990-இல் ஃபிராங்க் சான்டமோர் முன்வைத்த விதி. எல்ம் மரங்கள் நோயில் கூட்டம் கூட்டமாக அழிந்ததைப் பார்த்த நகரங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அது நகர அளவுக்கான விதி. 12 மரத் தெருவில் நான்கு இனங்கள் கலந்தால் சரி.

நிழலளவு

குளிர்ச்சி பற்றி. இதில் இரண்டு வெப்பநிலைகளைக் குழப்பிக்கொள்கிறோம். மர நிழலில் உள்ள பரப்பு, வெயிலில் கிடக்கும் பரப்பைவிட உச்சிவேளையில் 11 முதல் 25 டிகிரி வரை குறைவாக இருக்கும். காற்றின் வெப்பநிலை குறைவதோ 1 முதல் 5 டிகிரிக்குள்தான், அதுவும் மரங்கள் தொடர்ச்சியாக நிறைய இருந்தால். ஒற்றைத் தெருவில் காற்றளவில் ஒரு டிகிரி இறங்கினாலே நல்ல பலன். கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2016 முதல் 30 பசுமை வழித்தடங்களை இணைத்து, 2 டிகிரி குறைந்ததாக அறிவித்தது. அது சாலைகளும் ஓடைக்கரைகளும் சேர்ந்த வலைப்பின்னல்.

ஆனால் நடப்பவர் உடல் உணர்வது காற்றை மட்டும் அல்ல. மேலிருந்து விழும் கதிர், சாலையும் சுவரும் திருப்பி அனுப்பும் வெப்பம் எல்லாம் சேர்ந்ததுதான். அதை மரம் வெகுவாகக் குறைக்கும். எனவே பலனை அளக்கச் சாதாரண வெப்பமானி போதாது. கறுப்புக் கோள வெப்பமானியைத் தரையிலிருந்து 1.1 மீ. உயரத்தில் வைத்து, நடுவதற்கு முன்னும் பின்னும், பிற்பகலிலும் இரவிலும் அளந்து வையுங்கள்.

நீராவிப்போக்கின் பங்கு: ஒரு லிட்டர் ஆவியாக 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நன்கு நீர் கிடைக்கும் மரம் நாளுக்கு 100 லிட்டர் வெளியேற்றினால் 68 கிலோவாட் மணி. ஆனால் மண் வறண்டால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், இந்தக் குளிர்ச்சி நின்றுவிடும், நிழல் மட்டுமே மிஞ்சும். மழைநீரை மர அகழிக்குள் விடச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஈரப்பதம் மிகுந்த காற்றில் ஆவியாதலின் பலன் குறைவு. அங்கே நிழலும் காற்றோட்டமும்தான் பிரதானம்.

வடக்கு நடைபாதையில் மரம் வைப்பது திசைப்படியும் சரி. சூரியன் பெரும்பாலான மாதங்கள் தென்பக்கம் சாய்ந்திருப்பதால் தெற்கு நடைபாதைக்குக் கட்டடமே நிழல் தரும், வடக்குதான் சுடும். (நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பவர்கள் இதைத் திருப்பிக்கொள்ளுங்கள்.) கிளைகள் எதிர்ப்பக்கம் வரை மூடிக்கொள்ள விடாதீர்கள். கட்டட உயரம் 10, இடைவெளி 16 மீ.; இந்த விகிதத்தில் குடை முழுக்க மூடினால் வாகனப்புகை அடியிலேயே தங்கும், இரவில் தரை வெப்பமும் வானத்துக்குப் போகாது. நடுவில் 4, 5 மீட்டர் திறப்பு இருக்கட்டும். வண்டிப்பாதைக்கு மேல் 4.5 மீ., நடைபாதைக்கு மேல் 2.5 மீ. கிளையில்லாத உயரம் வேண்டும். சிறு வயதிலிருந்தே கீழ்க்கிளைகளை ஆண்டுக்குச் சிலவாக எடுத்து வந்தால், பிறகு பெரிய வெட்டுக்காயம் வேண்டியிருக்காது.

யூகலிப்டஸ், பாப்லர் போன்றவை ஐசோபிரீன் ஆவியை அதிகம் விடும். வாகனப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் சேர்ந்து ஓசோன் உண்டாகும். நெரிசல் தெருவில் இவை வேண்டாம். சாலைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கலாமா என்று யாராவது கேட்டால்: தரை குளிரும், ஆனால் எதிரொளித்த கதிர் நடப்பவர் மேல் விழும். வெள்ளைப் பூச்சுக்கு ஏற்ற இடம் மொட்டைமாடி.

தெருப்பசுமை

மிக்க நன்றி. 60-ஐ 12 ஆகக் குறைக்கச் சொல்வது கூட்டத்தில் பெரிய விவாதமாகும். குடைப் பரப்புக் கணக்கைப் படமாக வரைந்து வைக்கிறேன். இன்னும் மூன்று சந்தேகங்கள். கீழ்க்கோடி அடர்காட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கொசுவுக்கு என்ன பதில்? வடிமண்ணைக் கலந்து தருவதாகச் சொல்பவரிடம் எதைச் சோதித்து வாங்குவது?

வாட்டம்

பாத்தியில் மரம் பற்றி வேர்த்தடம் சொன்னது சரி, தொடர் அகழியே மேல். அதற்குள் மழைநீர் போனால் கொள்ளளவும் கூடும்.

அடர்காடு வேண்டாம். சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்ற முறை, 1 மீ. வரை மண்ணைக் கிளறிப் பதப்படுத்தி, இரண்டு மூன்று ஆண்டு நீர் ஊற்றக்கூடிய, வடிகால் உள்ள இடத்துக்கானது. தெருவின் தண்ணீர் மொத்தமும் வந்து நிற்கும் தாழ்ந்த களிமூலையில் கன்றுகளின் வேர் காற்றில்லாமல் போகும்.

அந்த 100 ச.மீ. உங்களிடம் இருக்கும் மிக மதிப்பான இடம். மழை 40 மி.மீ. பெய்தால் தெருவில் ஓடுவது 84 கன மீட்டர். பாத்திகள் 51 பிடித்தால் மீதி 33. அந்த மனையை 45 செ.மீ. தாழ்த்தி, ஓரங்களை 3-க்கு 1 சரிவாக விட்டால் விளிம்பு வரை 34 கன மீட்டர் கொள்ளும். ஆனால் விளிம்பு வரை நிரப்பக்கூடாது. 10 செ.மீ. தாழ வழிவு (மிகை நீர் வெளியேறும் வாய்) வைத்தால் 25 நிற்கும், எஞ்சிய எட்டு மட்டும் வடிகாலுக்குப் போகும். கூடவே மர அகழியின் இடைவெளிகள் உண்டு. கோரை, நாணல், ஈரமும் வறட்சியும் இரண்டையும் தாங்கும் புல் போடுங்கள். அடியில் குழாய் வைத்து 24 மணி நேரத்தில் வற்ற வையுங்கள். மழையில்லாத நாளில் அது திறந்த புல்வெளி.

இன்னொன்றைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதற்கு மேல் பெய்தால் தண்ணீர் வழியும். கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று சில மணி நேரத்தில் 150 மி.மீட்டரை ஒட்டிப் பெய்தது. அடுத்த ஆண்டு அந்நகரம் வகுத்த மேகவெடிப்புத் திட்டத்தில், மிகை நீரை எந்தத் தெரு வழியாக எந்தப் பூங்காவுக்கு ஓடவிடுவது என்பதும் சேர்ந்தே வந்தது. சீனாவின் செங்சோ, மழைநீரை நகரமே உறிஞ்சிக்கொள்ளச் செய்யும் ‘பஞ்சு நகர’ வேலைகளுக்குப் பெரும் முதலீடு செய்த ஊர். 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. கொட்டியபோது மூழ்கியது. எந்த மழைத்தோட்டமும் அந்த அளவுக்கு வடிவமைக்கப்படுவதில்லை. எனவே வழியும் நீர் வீட்டு வாசலுக்குள் போகாமல் சாலை ஓரமாகவே கீழ்மனைக்குப் போகும்படி, பாத்தியின் வழிவு மட்டம் நடைபாதையைவிடக் குறைந்தது 10 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

பருவக்காவல்

கொசுக் கேள்விக்கு: முட்டையிலிருந்து கொசுவாக வெப்பப் பகுதிகளில் பொதுவாக ஒரு வாரம் ஆகும். பாத்தியில் நிற்கும் 20 செ.மீ. நீர், மணிக்கு 150 மி.மீ. வடியும் மண்ணில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். மண் அடைத்து 50 ஆனாலும் நாலு மணி நேரம். ஆபத்து பாத்திப் பரப்பில் இல்லை. வழிவுத் தொட்டியின் அடிப்பள்ளம், தொய்ந்த குழாய், நுழைவாயில் கற்களுக்கு இடையே உள்ள குழி, இவற்றில்தான் புழு வரும். வழிவுத் தொட்டியின் அடியில் கசிவுத்துளை போட்டு ஜல்லியோடு இணையுங்கள். குழாயைத் தண்ணீர்மட்டக் குழாய் வைத்துப் பார்த்து, வாட்டம் தொய்யாமல் பதியுங்கள். மழை நின்று 48 மணி நேரத்துக்குப் பிறகும் எங்காவது நீர் தெரிந்தால் அந்த இடம் பழுது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாத்திகள் கெட்டுப்போகும் விதங்கள் பெரும்பாலும் ஒன்றே போலத்தான் இருக்கும். நுழைவாயிலில் ஆரம்பிக்கிறேன். ஓரக்கல்லில் 45 முதல் 60 செ.மீ. திறப்பு விட்டால் போதும் என்று நினைப்பார்கள். 100-க்கு 1 வாட்டத்தில் நீர் வேகமாக ஓடித் திறப்பைத் தாண்டிப் போய்விடும். திறப்புக்கு முன் சாலையோரத்தை 5 செ.மீ. குழித்து, நீரைத் திருப்ப வேண்டும். உள்ளே மண்மட்டம் திறப்பைவிட 5 செ.மீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக விட்டால் முதல் பருவத்திலேயே வண்டல் படிந்து வாயில் மேடாகிவிடும், பிறகு ஒரு சொட்டு நீரும் உள்ளே போகாது. வாயிலை ஒட்டி 1 × 0.5 மீ. அளவில் கான்கிரீட் தளமிட்ட வண்டல் தட்டு ஒன்று கட்டினால் மண்வெட்டியால் வாரிவிடலாம். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, நடுவே மாதம் ஒருமுறை வாருங்கள்.

பாத்தியின் அடியையும் மேலையும் ரசமட்டம் வைத்துச் சமதளமாக்குங்கள். தெரு வாட்டத்திலேயே விட்டால் 4 மீட்டரில் 4 செ.மீ. சாயும், கீழ்முனைச் செடி மூழ்கும், மேல்முனை காயும். பொக்லைன் வாளி களிச்சுவரை வழித்து மெழுகிவிடும். அந்தப் பரப்பைக் கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்காமல் நிரப்பக்கூடாது. பாத்திக்குள் வண்டியை இறக்கவோ திமிசு போடவோ கூடாது. மண் தானாக அமரும் என்று கணக்கிட்டு 10 சதவீதம் கூடுதலாக நிரப்பி நீர் விட்டு இறக்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் வேலை வரிசை: நடைபாதை, சாலை வேலை எல்லாம் முடிந்து பரப்பு சுத்தமாகும் வரை நுழைவாயில்களை மணல்மூட்டை வைத்து அடைத்து வையுங்கள். கட்டுமானச் சேறு ஒரே மழையில் வடிமண்ணைக் கொன்றுவிடும்.

மரத்தூளும் சிறு பட்டைத்துண்டும் மூடாக்காகப் போட்டால் மிதந்து வழிவை அடைக்கும். நீண்ட நாரிழைகளாகக் கிழித்த பட்டை 5 செ.மீ., அல்லது வாயில் அருகே சிறுகல்.

வடிமண் சோதனை எளிது. பொதுவாகப் பருமணல் 65 முதல் 70 பங்கு, வண்டல் தோட்டமண் 20, நன்கு மட்கிய உரம் 10 முதல் 15. களியும் நுண்வண்டலும் சேர்ந்து மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உரத்தைக் கூட்டினால் செடிக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் பாஸ்பரஸும் நைட்ரஜனும் கழுவிப்போய் வடிநீரைக் கெடுக்கும். 10 செ.மீ. விட்டமுள்ள குழாய்த்துண்டின் அடியில் வலை கட்டி, 30 செ.மீ. மண் நிரப்பி லேசாகத் தட்டுங்கள். நீர் ஊற்றி முழுக்க ஊறவிட்டு, பிறகு மேலே 10 செ.மீ. நீர் நிறுத்தி நேரம் பாருங்கள். 40 நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 150 மி.மீ., நல்ல அளவு. 20 நிமிடத்துக்குள் ஓடினால் செடி காயும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். மேலே நிற்கும் நீரின் அழுத்தத்தால் இந்தச் சோதனை உண்மையைவிடச் சற்று வேகமாகக் காட்டும், எனவே எல்லையில் நிற்கும் மண்ணை ஏற்க வேண்டாம். ஒவ்வொரு லோடுக்கும் செய்யுங்கள், முதல் லோடுக்கு மட்டும் அல்ல.

வேர்த்தடம்

நடும்போது கவனிக்க வேண்டியவை மட்டும் சேர்க்கிறேன். தண்டு விரிந்து வேராகும் கழுத்து மண்மட்டத்தில் தெரிய வேண்டும். பையில் வளர்ந்த கன்றுகளில் அது பல நேரம் மண்ணுக்குள் புதைந்திருக்கும், மேல்மண்ணை விலக்கித் தேடுங்கள். ஆழமாக நட்ட மரம் உடனே சாகாது. பட்டை அழுகி, வேர் கழுத்தைச் சுற்றி இறுக்கி, பல ஆண்டு கழித்துக் காற்றில் சாயும். பையைச் சுற்றி வளைந்த வேர்களை வாங்கும்போதே பாருங்கள். இருந்தால் வேர்க்கட்டியின் வெளிப்புறம் 2.5 செ.மீ. அளவுக்கு அரிவாளால் சீவிவிட்டு நடுங்கள். குழி, வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் மட்டும் அதே அளவு. மூடாக்கு 5 முதல் 10 செ.மீ., தண்டைத் தொடாமல். ஊன்றுகோல் கட்டினால் ஓராண்டில் எடுத்துவிடுங்கள், அசையாத தண்டு தடிக்காது.

தண்ணீர்: தண்டு 5 செ.மீ. பருமன் இருந்தால் ஒரு முறைக்கு 15 முதல் 20 லிட்டர், வேர்க்கட்டியின் மேலேயே. சுற்றுமண் ஈரமாக இருந்தும் வேர்க்கட்டி மட்டும் காய்ந்துபோவது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் வேர் இன்னும் வெளியே போகவில்லை. முதல் சில வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு, பிறகு ஒன்று என்று இடைவெளியைக் கூட்டுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருந்தால்தான் வேர் நீரைத் தேடிப் போகும். வெப்பப் பகுதியில் தண்டுப் பருமன் ஒவ்வொரு 2.5 செ.மீட்டருக்கும் மூன்று மாதம், குளிர்ப் பகுதியில் ஓராண்டு வரை இந்தக் கவனிப்பு தேவை. நடும் அளவை முடிவு செய்யும்போதே இதை எண்ணிக்கொள்ளுங்கள். பெரிய கன்று வாங்கினால் உடனே நிழல் கிடைக்கும் என்று நினைப்பார்கள். அது வேர் பிடிக்கவே அதிக காலம் எடுக்கும். 3 முதல் 5 செ.மீ. தண்டு உள்ளவை போதும். 12 மரங்களுக்கும் யார் எந்த நாளில் ஊற்றுவது என்ற பட்டியல், கன்று வந்து இறங்கும் முன் உங்கள் கையில் இருக்கட்டும்.